டார்க்கா, குதிரைத் திறனா? எக்செல் போடும் பைக் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, கேமும் ஆடிப் பார்த்தாயிற்று. அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எக்செல்லைத் திறந்து, உங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கேள்வியை அதில் போட்டுப் பாருங்கள். எங்கள் அரியலூர் பக்கம் அப்படி எந்நேரமும் ஓடும் கேள்வி, எந்த வண்டி வாங்கலாம் என்பதுதான். சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்கு நடுவே, புழுதி பறக்கும் ரோட்டில் பாதிப் பேரின் பிழைப்பு இரண்டு சக்கரத்தில் நடக்கிறது.

பைக் கம்பெனிகளின் இணையதளத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் விவரப் பட்டியல் இருக்கும். அதில் இரண்டு வரிகளைப் பார்க்கலாம். ஒன்று மேக்ஸ் பவர், மற்றொன்று மேக்ஸ் டார்க். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு ஆர்.பி.எம். எண்ணும் இருக்கும். "டார்க் இழுக்கும், குதிரைத் திறன் ஓடும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எக்செல்லில் நாமே கண்டுபிடிக்கலாம்.

முறுக்கும் வேகமும்

டார்க் என்றால் முறுக்கு விசை. இறுகிப்போன நட்டைக் கழற்ற மெக்கானிக் ஸ்பேனரின் பின்னால் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொள்வார், பார்த்திருப்பீர்கள். கை பலம் அதேதான். ஆனால் பிடி நீண்டதால் முறுக்கு கூடிவிடுகிறது. ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 102 கிராம் எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குதான் ஒரு நியூட்டன் மீட்டர். சுருக்கமாக என்.எம்.

இதில் நேரம் என்ற விஷயமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நட்டு நகராமல் நின்றாலும் முறுக்கு முறுக்குதான்.

குதிரைத் திறனில் நேரம் வந்துவிடுகிறது. கமலை இறைத்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரே எடையுள்ள சாலைத் தண்ணீரை இரண்டு ஜோடி மாடுகளும் இழுக்கும். ஆனால் எந்த ஜோடி பொழுது சாய்வதற்குள் அதிக வயலை நனைத்தது என்பதுதான் கணக்கு. நீராவி எஞ்சின் விற்ற ஜேம்ஸ் வாட் 1780-களில் இதையேதான் செய்தார். ஆலையில் செக்கு மாடு போலச் சுற்றி வந்த குதிரை ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட்டு, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று முழு எண்ணாக வைத்தார். தன் எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம் என்று வாங்குபவர்களிடம் சொல்ல அது வசதியாக இருந்தது. இன்றைய அளவில் அது 745.7 வாட்.

நம் ஊர் விளம்பரங்களில் அதிகம் வரும் பி.எஸ். என்பது மெட்ரிக் குதிரை. 75 கிலோ மூட்டையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் ஒரு பி.எஸ். அது 735.5 வாட். பி.எச்.பி.க்கும் பி.எஸ்.ஸுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் கிலோவாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆக, ஒரு சுற்றில் எவ்வளவு முறுக்கு என்பது டார்க். அந்த முறுக்கை நிமிடத்துக்கு எத்தனை சுற்று தருகிறது என்று பெருக்கினால் திறன். சூத்திரம் இதுதான்:

கிலோவாட் = என்.எம். × ஆர்.பி.எம். ÷ 9549

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது புதிதல்ல. பென்டியம் 4 வந்த காலத்தில் கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்தே எல்லோரும் பிராசசர் வாங்கினார்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் எக்ஸ்பி குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை செய்தது. அதை வாங்குபவருக்கு எப்படிப் புரியவைப்பது? 2001-ல் அவர்கள் 1.53 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 1800+ என்று பெயர் வைத்துவிட்டார்கள்! கிகாஹெர்ட்ஸ் என்பது ஆர்.பி.எம். என்றால், ஒரு துடிப்பில் நடக்கும் வேலைதான் டார்க். இரண்டையும் பெருக்கினால்தான் கம்ப்யூட்டரின் உண்மையான வேகம்.

எக்செல்லைத் திறங்கள்

எம்.எஸ். எக்செல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசம், இந்தக் கணக்குக்கு அதுவே தாராளம்.

முதல் வரிசையில் ஏ முதல் எச் வரை தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ-யில் வண்டியின் பெயர், பி-யில் அதிகபட்ச டார்க், சி-யில் அந்த டார்க் கிடைக்கும் ஆர்.பி.எம்., டி-யில் அதிகபட்சத் திறன் கிலோவாட்டில், இ-யில் அந்தத் திறன் கிடைக்கும் ஆர்.பி.எம். மீதி மூன்றும் விடைக்கான கட்டங்கள். இனி இந்த ஐந்து வண்டிகளையும் வரிசையாக உள்ளிடுங்கள்:

டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100: 6.5 / 3500 / 3.2 / 6000
ஹீரோ ஸ்ப்ளெண்டர் ப்ளஸ்: 8.05 / 6000 / 5.9 / 8000
யமஹா ஆர்எக்ஸ் 100: 10.39 / 6500 / 8.09 / 7500
யமஹா ஆர்15 (நான்காம் பதிப்பு): 14.2 / 7500 / 13.53 / 10000
ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 (2021-ல் வந்தது): 27 / 4000 / 15.06 / 6100

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது என்பது தெரியும். ஆனால் அதைச் சேர்க்காவிட்டால் எங்கள் ஊரில் யாரும் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள்! பழைய பட்டியல்களில் அதன் டார்க் 1.06 என்று இருக்கும். இவ்வளவுதானா என்று நினைத்துவிடாதீர்கள். அது கிலோகிராம் மீட்டர். 9.81-ஆல் பெருக்கினால் என்.எம். கிடைத்துவிடும்.

இப்போது எப்2 செல்லில் மவுஸை வைத்து க்ளிக் செய்து, சமக்குறியை டைப் செய்யுங்கள். அடுத்து பி2 செல்லை ஒரு க்ளிக், கீபோர்டில் நட்சத்திரக் குறி, பிறகு சி2 செல்லை ஒரு க்ளிக், சாய்கோடு, 9549, என்டர். டார்க் உச்சத்தில் இருக்கும்போது எஞ்சின் எத்தனை கிலோவாட் தருகிறது என்பது வந்துவிடும். ஜி2 செல்லில் இதையே திருப்பிப் போடுங்கள். சமக்குறி, டி2 செல், நட்சத்திரக் குறி, 9549, சாய்கோடு, இ2 செல், என்டர். திறன் உச்சத்தில் இருக்கும்போது மிச்சமிருக்கும் டார்க் இது. கடைசியாக எச்2-வில் பி2-வை ஜி2-வால் வகுத்துவிடுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். மூன்று செல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால் ஐந்து வண்டிக்கும் விடை நிரம்பிவிடும்.

முதலில் எப் வரிசையைப் பாருங்கள். 27 என்.எம். டார்க் உள்ள கிளாசிக் 350, அந்த உச்சத்தில் தருவது 11.31 கிலோவாட். டார்க்கில் அதன் பாதியளவே உள்ள ஆர்15 தன் உச்சத்தில் தருவது 11.15 கிலோவாட். கிட்டத்தட்டச் சமம்! ஒன்று நிமிடத்துக்கு 4000 முறை பெரிதாக முறுக்குகிறது, மற்றொன்று 7500 முறை சிறிதாக முறுக்குகிறது. வேலை ஒன்றுதான்.

இந்த வரிசையால் இன்னொரு பயனும் உண்டு. எப்-பில் வரும் எண் டி-யில் உள்ள எண்ணைவிட அதிகமாக இருக்கவே முடியாது. அதிகமாக வந்தால் பட்டியலில் அச்சுப்பிழை, அல்லது வேறு அலகில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விற்பனைத் துண்டுப் பிரசுரங்களை இப்படிச் சோதித்துப் பாருங்கள், பொழுது நன்றாகப் போகும்.

ஒரு கடன், இரண்டு தேவை

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் தண்ணீர் கேன் போடுகிறார். 20 லிட்டர் கேன் நான்கை எக்ஸ்.எல்.லில் கட்டிக்கொண்டு கடை கடையாக இறக்குவதுதான் தொழில். மகன் பெரம்பலூரில் கல்லூரிக்குப் போகிறான். ஒரு வழிக்கே சுமார் 30 கிலோமீட்டர். எக்ஸ்.எல்.லை விற்றுவிட்டு, மீதிக்குக் கடன் போட்டு ஆர்15 எடுத்தால் காலையில் அப்பா கேன் போடலாம், பிறகு தான் கல்லூரிக்கு எடுத்துப் போகலாம் என்பது மகனின் யோசனை.

"இது நாலே கால் குதிரை, அது பதினெட்டுக் குதிரை. நாலு கேன் என்ன, எட்டு கேன் இழுக்கும் சித்தப்பா" என்றான் என்னிடம்.

அண்ணன் பேசவில்லை. அந்தக் கடன் மூன்று வருஷம். கேன் வியாபாரம் ஒரு மாதம் படுத்தால் தவணையும் படுத்துவிடும். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு" என்றார் கடைசியில்.

பையன் சொன்னது தப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. கணக்குப்படி அவன் சொன்னது சரி! சக்கரம் வண்டியைத் தள்ளும் விசை என்ன என்று தெரிய வேண்டுமானால் திறனை வேகத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 35 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 9.72 மீட்டர். எக்ஸ்.எல்.லில் கியர் கிடையாது, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒரே விகிதம்தான். கணக்குக்காக, 35 கிலோமீட்டரில் அது 3500 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது திறன் 2382 வாட். வகுத்தால் 245 நியூட்டன், அதாவது சுமார் 25 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை. ஆர்15-ஐ அதே வேகத்தில் தாழ்ந்த கியரில் போட்டு 7500 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோனால் 117 கிலோ. நாலரை மடங்குக்கும் மேல். கியர் பெட்டி என்பது மெக்கானிக் செருகும் அந்த இரும்புக் குழாய் போலத்தான். சுற்றைக் குறைத்து முறுக்கைக் கூட்டித் தந்துவிடும். அதனால்தான் டார்க் குறைந்த வண்டி இழுக்காது என்று சொல்வது சரியல்ல என்கிறேன்.

பிறகு எங்கே இடிக்கிறது? 35 கிலோமீட்டரில் அல்ல, 8 கிலோமீட்டரில் இடிக்கிறது. அண்ணனின் தொழில் முழுக்கச் சந்துக்குள். நின்று, நகர்ந்து, மறுபடி நின்று. அந்த நடை வேகத்தில் ஆர்15-இன் எஞ்சின் முதல் கியரிலும் தன் 7500-க்குப் பக்கத்திலேயே வராது. க்ளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட வேண்டும். நான்கு கேன் பாரத்தோடு நாளுக்கு ஐம்பது தடவை அப்படிச் செய்தால் க்ளட்ச் ப்ளேட் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கையும் கேட்டுப் பாருங்கள். எக்ஸ்.எல்.லில் சுற்று கூடக்கூடத் தானே பிடித்துக்கொள்ளும் சென்ட்ரிஃபியூகல் க்ளட்ச். கை வேலையே இல்லை. கேனைக் கட்ட இடமும் அதில் இருக்கிறது. ஆர்15-இன் பின்சீட்டில் கேனை எங்கே கட்டுவது?

கடைசிக் கட்டம் சொல்வது

இப்போது எச் வரிசைக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பைலிலேயே மதிப்பு மிக்கது இதுதான். விடைகள்: எக்ஸ்.எல். 1.28, ஸ்ப்ளெண்டர் 1.14, ஆர்எக்ஸ் 100 1.01, ஆர்15 1.10, கிளாசிக் 1.15.

இதன் அர்த்தம் என்ன? எஞ்சின் முழுத் திறனில் ஓடிக்கொண்டிருக்கிறது, ரயில்வே மேம்பாலம் வருகிறது, வேகம் குறைகிறது, சுற்றும் குறைகிறது. சுற்று குறையும்போது டார்க் கூடினால் எஞ்சின் தானே சமாளித்துக்கொள்ளும். எக்ஸ்.எல். 6000-லிருந்து 3500-க்கு இறங்கும்வரை அதன் டார்க் 5.09-லிருந்து 6.5-க்கு ஏறுகிறது, நூற்றுக்கு 28 பங்கு. கியர் இல்லாத வண்டிக்கு இதுதான் கியர்! டிராக்டர் எஞ்சினையும் சுண்ணாம்புக்கல் டிப்பரின் எஞ்சினையும் இதே குணத்தோடுதான் வடிவமைக்கிறார்கள்.

ஆர்எக்ஸ் 100-இல் அந்த எண் 1.01. டார்க்கும் திறனும் ஒன்றையொன்று ஒட்டி 6500-லும் 7500-லும் உச்சம் அடைகின்றன. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. ஏறக்குறைய அதே சி.சி. உள்ள ஸ்ப்ளெண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதனால்தான் அந்தச் சின்ன எஞ்சினில் 11 பி.எஸ். வந்தது. ஆனால் பாரத்தோடு மேட்டில் சுற்று இறங்கினால் கை கொடுக்க உபரி டார்க் எதுவும் இல்லை, உடனே கியரைக் குறைத்தாக வேண்டும். ஆர்எக்ஸ் ரசிகர்கள் அதையே ஒரு சுகம் என்பார்கள், அது வேறு விஷயம்.

எக்ஸ்.எல்.லுக்கும் எல்லை உண்டு. வண்டி, ஆள், நான்கு கேன் சேர்த்து சுமார் 235 கிலோ. இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அந்த எடை பின்னோக்கி இழுப்பது 12 கிலோ அளவுக்கு. டயர் உராய்வும் காற்றும் சேர்ந்தால் 20-ஐத் தொடும். கையில் இருப்பது 25, செயினில் போவது போகச் சற்றுக் குறைவு. ஏறிவிடும். இன்னும் இரண்டு கேன் கூட்டினாலோ, ஏற்றம் செங்குத்தானாலோ, சுற்று 3500-க்கும் கீழே போய்விடும். அதற்குக் கீழே டார்க்கும் குறைகிறது. அங்கேதான் வண்டி திணறி, க்ளட்ச் தீய்ந்த வாசனை வருகிறது. அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அஞ்சாவது கேன் வேண்டாம்னு எனக்கு வண்டியே சொல்லிருச்சு தம்பி" என்றார். பதினைந்து வருஷ அனுபவம், எக்செல் தேவைப்படவில்லை!

மகனுக்கு வேறு கணக்கு. பெரம்பலூர் ரோட்டில் நின்று போகும் வேலை இல்லை. ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அங்கே காற்றைக் கிழிப்பதுதான் முக்கியச் செலவு, அதற்குத் திறன்தான் வேண்டும். காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் மடியாகக் கூடும். 40-லிருந்து 80-க்குப் போனால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு. அதற்காக 18 குதிரை அவசியமா? 60 கிலோமீட்டர் வேகத்தில் போக 100 சி.சி. வண்டியின் 5.9 கிலோவாட் போதும். முடிவில் எக்ஸ்.எல். வீட்டிலேயே இருந்தது, மகனுக்கு 100 சி.சி. கியர் வண்டி ஒன்று சின்னக் கடனில் வந்தது. அவன் முகத்தில் முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபது வயதில் யார்தான் எச் வரிசையைப் பார்த்து வண்டி எடுக்கிறார்கள்?

கிராபும் எலெக்ட்ரிக் வண்டியும்

எண்களைவிடப் படம் பிடிக்கும் என்பவர்கள் இன்செர்ட் மெனுவில் ஸ்கேட்டர் சார்ட்டைத் தேர்ந்தெடுத்து ஆர்.பி.எம்.முக்கு எதிராக டார்க்கைப் போட்டுப் பாருங்கள். கம்பெனிப் பட்டியலில் இரண்டு புள்ளிகள்தான் கிடைக்கும் என்பதால் ஒரு கோட்டுத் துண்டுதான் வரும். 3000-க்குக் கீழே வண்டி எப்படி இருக்கும் என்பது அதில் தெரியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். வெளிநாட்டு கிராபுகளில் டார்க் கோடும் குதிரைத் திறன் கோடும் எப்போதும் 5252 ஆர்.பி.எம்.மில் வெட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். அதில் எந்த ரகசியமும் இல்லை. பவுண்டு-அடியில் கணக்குப் போட்டால் 9549-க்குப் பதில் 5252-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். டி.வி.எஸ். ஐக்யூப் 140 என்.எம்., ஏத்தர் 450எக்ஸ் 26 என்.எம். என்று பார்த்துவிட்டு முதலாவது ஐந்து மடங்கு வலிமை என்று நினைத்துவிடுவார்கள். ஐக்யூப்பின் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த 140 என்பது சக்கரத்தின் முறுக்கு. ஏத்தரின் 26 மோட்டாரின் முறுக்கு, பெல்ட் வழியாகச் சக்கரத்துக்கு வரும்போது அது பல மடங்காகிவிடும். அதனால் டார்க்கை விட்டுவிட்டுத் திறனை ஒப்பிடுங்கள். ஐக்யூப்புக்கு உச்சத்தில் 4.4 கிலோவாட், ஏத்தருக்கு 6.4.

ஐக்யூப்பின் 140 எதுவரை தாங்கும் என்பதையும் நம் சூத்திரமே சொல்லும். 4.4-ஐ 9549-ஆல் பெருக்கி 140-ஆல் வகுத்தால் 300 ஆர்.பி.எம். அதன் 12 அங்குலச் சக்கரம் டயரோடு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகரும். அதை 300-ஆல் பெருக்கி மணிக்கு மாற்றினால் சுமார் 26 கிலோமீட்டர் வேகம். அதுவரைதான் முழு முறுக்கு இருக்க முடியும். அதற்கு மேல் வேகம் கூடக்கூட முறுக்கு இறங்கிக்கொண்டே வரும். சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிப் பாய்ந்த ஸ்கூட்டர், ஹைவேயில் பஸ்ஸை முந்தும்போது ஏன் யோசிக்கிறது என்பதற்கு விடை இந்த ஒரு செல்லில் இருக்கிறது.